மேனேஜரின் அரை மாத்திரை

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. ‘தராசு’ என்றால் மூன்றாவது வீட்டைக் காட்டுவார்கள். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை வைப்பதும் இல்லாவிட்டால் பிடுங்கிக்கொண்டு வருவதும் அவருடைய உத்தியோகம். இருபத்தாறு வருடத்தில் எந்தக் கடையிலும் ஒரு வாய்த் தேநீர் வாங்கிக் குடித்ததில்லை. அவரே அடிக்கடி சொல்வதால் இது எல்லோருக்கும் தெரியும்.

அவர் வருவதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்கள் என்று பட்டியல் போட்டால் காகிதம் வெள்ளையாகவே இருக்கும். அவருடைய ஸ்கூட்டர் கடைத்தெருவில் திரும்பினாலே ஒருவருக்கொருவர் கண்ஜாடை காட்டிக்கொள்வார்கள். அலுவலகத்தில் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பவர்கள் இவர் தலையைக் கண்டதும் அவசரமாக ஏதாவது கோப்பைத் தேட ஆரம்பிப்பார்கள். மனைவி நல்லவள்தான். ஆனால் மழலையர் பள்ளியில் முப்பது வாண்டுகளை நாள் முழுக்கக் கட்டி மேய்த்துவிட்டு வருகிறவளுக்கு, மாலையில் யார் வந்தாலும் ஒன்றுதான். மிச்சம் இருந்தது மேனேஜர்.

மேனேஜர் என்பது நாய். மகள் கல்லூரியில் படிக்கும்போது கொண்டுவந்தது. வேலை கிடைத்துப் போகும்போது பெட்டியை எடுத்துக்கொண்டாள், நாயை விட்டுவிட்டாள். பழுப்பு நிறம், ஒரு காது நிற்கும், ஒரு காது தொங்கும். தபால்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், மாடிவீட்டுக்காரர் என்று வருகிறவர் போகிறவர் எல்லோரையும் வாசல் கேட் அருகில் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கும். தானாக ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடாது. அதனால் அந்தப் பெயர். ஆனால் மாலை ஐந்தே முக்காலுக்குத் தெருமுனையில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் உத்தியோக மிடுக்கெல்லாம் பறந்துவிடும். மூன்று சுற்று சுற்றி, ஊளையிட்டு, கேட்டின்மேல் விழுந்து புரண்டு, உலகத்திலேயே பெரிய மனிதர் ஒருவர் வந்திறங்குவதைப் போல ஆர்ப்பாட்டம் செய்யும். “சரி சரி, போதும்” என்று தராசு முகத்தைக் கடுகடுப்பாக வைத்துக்கொள்வார். அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் மனிதர் மிச்சப் பகலையே ஓட்டினார் என்று சொன்னால் சண்டைக்கு வருவார்.

மேனேஜருக்கு ஐந்து வயதானபோது, ஒரு ஞாயிறு காலை, சமையலறை வாசலில் வலிப்பு வந்தது. நின்றுகொண்டிருந்த நாய் மரக்கட்டையாகச் சாய்ந்தது. கால்கள் காற்றில் ஓடின, வாயில் நுரை தள்ளியது, தரை நனைந்தது. மனைவிக்குக் கை கால் ஓடவில்லை. தராசு நாற்காலிகளை நகர்த்திவிட்டு, கடிகாரத்தைக் கையில் எடுத்தார். இரண்டு நிமிடம் பதினொரு நொடி. பிறகு நாய் எழுந்து, சுவரில் முட்டிக்கொண்டு, அவரைப் பார்த்து உறுமியது. அவர் யார் என்று அதற்குத் தெரியவில்லை. அதற்குத்தான் அவர் பயந்துபோனார்.

நாய் டாக்டரம்மா சுருக்கமாகப் பேசுகிறவர். “இது குணமாகிற வியாதி இல்ல சார். கட்டுப்படுத்தலாம். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை, ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. குறைக்கிறது கூட்டுறதெல்லாம் நான் சொன்னாத்தான். வலிப்பு வந்தா எழுதி வைங்க” என்றார்.

எழுதி வைப்பதா? கரும்பு தின்னச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது அவருக்கு. அலுவலகப் பதிவேட்டைப் போலவே நீள நோட்டு ஒன்றில் கோடு கிழித்தார். தேதி, ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம், நுரை உண்டா, எந்தக் கால் முதலில் இழுத்தது, எப்போது ஆளை அடையாளம் கண்டது, கொடுத்த மாத்திரை எவ்வளவு. கடைசிக் கட்டத்தில் கையெழுத்து வேறு.

மாத்திரை வேலை செய்தது. இரண்டு மாதம் வலிப்பு எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் மேனேஜரும் எட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டது. தட்டில் போட்டதெல்லாம் தின்றது, குடம் குடமாகத் தண்ணீர் குடித்தது, பின்னங்கால் தள்ளாட நடந்தது, மீதி நேரம் தூங்கியது. மாலையில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் ஒரு கண்ணைத் திறந்து, வந்தது இவர்தான் என்று பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. அந்த ஒரு கண்தான் அவரைக் கொன்றது.

மாத்திரையைப் பாதியாக்க அவர் ஒரு நாளில் முடிவு செய்யவில்லை. நான்கு நாள் யோசித்தார். எந்தத் தராசுக்கும் இவ்வளவு வரை பிழை இருக்கலாம் என்று சட்டமே அனுமதிக்கிறதே, உயிருள்ள நாய்க்கு ஒரு சலுகை கிடையாதா என்று வாதாடிப் பார்த்தார். எதிர்த்துப் பேச ஆள் இல்லாததால் வாதத்தில் ஜெயித்தார். ஒவ்வொரு வேளை மாத்திரையையும் பிளேடால் இரண்டாக வெட்டினார். வெட்டியதோடு விட்டாரா? நகை நிறுக்கும் சின்னத் தராசு ஒன்று வீட்டில் இருந்தது. இரண்டு பாதியையும் அதில் வைத்து, எடை சமமாக இருக்கிறதா என்று பார்த்து, ஒன்றை நாய்க்குக் கொடுத்தார், இன்னொன்றை வாஷ்பேசினில் கரைத்தார். செய்கிற திருட்டிலும் துல்லியம் தவறவில்லை. நோட்டில் மட்டும் ‘ஒன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பத்து நாளில் மேனேஜர் கேட்டுக்கு வந்தது. ஊளை இல்லை, சுற்றல் ஒன்றுதான், ஆனாலும் வந்தது. தராசு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

அடுத்த மாதம் வலிப்பும் வந்தது. ரத்தத்தைச் சோதித்த டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார். “கொடுக்கிற அளவுக்கு ரத்தத்துல மருந்து இல்லையே. சில உடம்பு மருந்தை வேகமா கரைச்சுத் தள்ளிடும்” என்று அவரே ஒரு காரணத்தையும் எடுத்துக் கொடுத்தார். மருத்துவ சாஸ்திரமே தன் பக்கம் நிற்பதைக் கண்டு தராசு தலையாட்டினார். ஒன்று ஒன்றரை ஆனது. இவர் அதை முக்கால் ஆக்கினார். அவர் கூட்டக் கூட்ட இவர் பாதியாக்க, நடுவில் நாய் கிடந்து இழுத்தது.

ஒரு சனிக்கிழமை மதியம் மூன்று முறை வந்தது. மூன்றாவது முறை நிற்கவே இல்லை. வாடகைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். ஊசி போட்டுத்தான் அடங்கியது. டாக்டரம்மா நீள நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

“ரெண்டு தடவை கூட்டியாச்சு. ஒரு வேளை தவறல. அப்படியும் இந்த நிலைமைன்னா இந்த மருந்துக்கு இது கட்டுப்படலன்னுதான் அர்த்தம். ரெண்டாவது மருந்து ஒண்ணு சேர்க்கலாம், ஆனா இருக்கிற தள்ளாட்டம் அதிகமாகும், எழுந்து நிக்கவே கஷ்டப்படும். இல்லன்னா...” என்று நிறுத்தினார். “இதுக்கு மேல இதைக் கஷ்டப்படுத்த வேண்டாம்னு நீங்க நினைச்சாலும் தப்பு இல்ல. புதன்கிழமை வந்து சொல்லுங்க.” நோட்டை மூடித் திருப்பிக் கொடுக்கும்போது, “இத்தனை வருஷத்துல இப்படி யாரும் எழுதி வச்சதில்ல சார். இதை நம்பித்தான் நான் இவ்வளவு தூரம் சொல்றேன்” என்றார்.

தராசு நோட்டை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தார். திங்கட்கிழமை ஒரு கடையில் தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டியிருந்ததைப் பிடித்தார். “சின்ன வித்தியாசம்தான் சார்” என்று கடைக்காரர் கெஞ்சினார். “சின்னதோ பெருசோ, பொய் பொய்தான்” என்று வழக்கு எழுதிவிட்டு நிமிர்ந்து நடந்தார். அப்போதுகூட உறைக்கவில்லை. சில மனிதர்களுக்கு மனசாட்சி அலுவலக நேரத்தில் அடுத்தவர் தராசைத்தான் பார்க்கும்.

செவ்வாய் மாலை மனைவி நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“போதுங்க. அது படுற பாட்டை என்னால பார்க்க முடியல. டாக்டரம்மாகிட்ட சொல்லிடலாம்.”

“என்ன சொல்லிடலாம்?”

“அதான்... ஊசி போட்டு அனுப்பி வச்சிடலாம்னு.”

மாத்திரையைக் கரைத்த கையை அவர் பார்த்துக்கொண்டார். சொல்லிவிடலாமா என்று மூன்று முறை தொண்டை வரை வந்தது. மூன்று முறையும் இருமலாகப் போனது.

புதன்கிழமை டாக்டரம்மாவின் அறையில், மேசைமேல் மேனேஜர் படுத்திருந்தது. “என்ன முடிவு பண்ணீங்க?” என்று டாக்டரம்மா கேட்டார். மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், “அனுப்பிடலாம்னு...” என்று ஆரம்பித்தாள்.

“வேண்டாம்,” என்றார் தராசு. குரல் அவருடையதாகவே இல்லை. “அது மருந்துக்குக் கட்டுப்படாத நாய் இல்ல டாக்டர். அதுக்கு மருந்தே போய்ச் சேரல. நான் பாதிதான் கொடுத்தேன். நோட்டுல முழுசா எழுதினேன்.”

மனைவி அவரை எரித்துவிடுவதைப் போலப் பார்த்தாள். பிறகு அந்தப் பார்வை மெல்ல மேசைக்கடியில் எங்கோ போனது.

“நானும் ஒண்ணு சொல்லணும் டாக்டர்,” என்றாள். “நான் ஸ்கூல் விட்டு வந்தப்புறம், இவர் வர்றதுக்கு முன்னாடி வந்த வலிப்பை நான் சொல்லவே இல்ல. ஒரு ஏழெட்டு இருக்கும். சொன்னா நீங்க மாத்திரையைக் கூட்டுறீங்க, அது இன்னும் தள்ளாடுது. ஸ்கூல்லயும் அப்படித்தான். பிள்ளைங்க கீழ விழுந்து எழுந்தா மண்ணைத் தட்டி விட்டுடுவோம், எல்லாத்தையும் அவங்க அம்மாகிட்ட சொல்லிட்டு இருக்க மாட்டோம்.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். “அப்போ இந்த நோட்டுல எதுதாங்க நிஜம்?”

தராசு கொஞ்சம் யோசித்தார். “தேதியெல்லாம் சரி,” என்றார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. “சார், நான் நேத்து முழுக்க இதைக் கொல்றதைப் பத்தி யோசிச்சிட்டு இருந்தேன். உங்க கையெழுத்தை நம்பி. எதுக்காக இப்படிப் பண்ணீங்க? அது தூங்கி வழியுதுன்னு இரக்கமா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். கௌரவமான பதிலை டாக்டரம்மாவே கையில் கொடுத்துவிட்டார். இருபத்தாறு வருடத்தில் முதன்முறையாக மனிதர் தன்னையே தட்டில் ஏற்றினார்.

“இல்லைங்க. நான் வீட்டுக்கு வந்தா அது எழுந்து வரல. அதை என்னால தாங்க முடியல.”

மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். திட்டுவதை வீட்டுக்கு வந்து ஒரு வாரம் தவணை முறையில் திட்டினாள், அது வேறு.

டாக்டரம்மா புதுக் காகிதத்தில் ஆரம்பத்திலிருந்து எழுதினார். ஒரேயடியாக ஏற்றாமல், படிப்படியாக முழு அளவுக்கு. இரண்டு மாதம் கழித்து ரத்தச் சோதனை. “வலிப்பு குறையலாம். உறுதியா சொல்ல மாட்டேன். ஆனா இது பழைய மாதிரி உங்களைப் பார்த்து ஓடி வரும்னு எதிர்பார்க்காதீங்க. அதுக்கு ஒத்துக்கிட்டா மட்டும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க.” தராசு ஒத்துக்கொண்டார். மாத்திரைப் பொறுப்பு அவரிடமிருந்து பிடுங்கப்பட்டது. மனைவி கொடுப்பாள், இவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். வலிப்பை இவர் எழுதுவார், அவள் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவரை ஒருவர் இப்படிச் சோதித்துக்கொண்டு ஒரு குடித்தனம் நடந்தது.

ஒன்பது வாரத்தில் ஒரே ஒரு வலிப்பு வந்தது, ஐம்பது நொடி. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். மேனேஜர் உருண்டு திரண்டு, வராந்தாவில் நாள் முழுக்கக் குறட்டை விட்டது. தபால்காரர் அதைத் தாண்டிப் போய்க் கடிதம் போட்டுவிட்டு வந்தார்.

அப்படி ஒரு நாள் மாலை தராசு வந்து ஸ்கூட்டரை நிறுத்தினார். நாய் ஒரு கண்ணைத் திறந்து, பார்த்து, மூடிக்கொண்டது. படியில் இறங்கி வந்த மாடிவீட்டுக்காரர் நின்றார்.

“என்ன சார், முன்னெல்லாம் தெருவே அதிரும். இப்ப உங்களையே மறந்துடுச்சு போல இருக்கே?”

“மறக்கட்டும் சார்,” என்றார் தராசு. “உயிரோட இருந்து மறக்கட்டும்.”

மாடிவீட்டுக்காரர் கேட்டைத் திறந்துகொண்டு போனார். தராசு பையைக் கீழே வைத்துவிட்டு, வேலைக்குப் போட்டுப்போன சட்டையோடு நாயின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். வால் ஆடவில்லை. அதற்காக அவர் எழுந்துவிடவும் இல்லை.