பெயின்டருக்கு நான் நீட்டிய டம்ளர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, கத்திரி வெயில் கொளுத்திய மே மாதம். மந்தைவெளியில் இருக்கும் எங்கள் ஃப்ளாட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் விட்டிருந்தோம். அந்தச் சமயம் பார்த்து எனக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. வீட்டிலேயே இஞ்சி பீர் செய்யும் பைத்தியம்.

பீர் என்றதும் முகத்தைச் சுளிக்காதீர்கள். இஞ்சியைத் துருவி, சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்து ஒரு ஜாடியில் போட்டு, தினமும் இன்னும் கொஞ்சம் இஞ்சி, கொஞ்சம் சர்க்கரை என்று போட்டுக் கிளறிவந்தால், இட்லி மாவு பொங்குகிற மாதிரி நாலைந்து நாளில் தானாகவே நுரைத்துக்கொண்டு வரும். அதை வடிகட்டி இனிப்புத் தண்ணீரில் கலந்து பாட்டிலில் அடைத்துவைத்தால், சோடா மாதிரி சுர்ரென்று இருக்கும். மொபைலில் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அதோடு விட்டேனா? அதில் டீ வாசனை சேர்த்தே தீருவது என்று கிளம்பிவிட்டேன்.

முதல் தடவை, பால் டீக்குப் போடுகிற பழக்கத்தில் டீத்தூளைத் தளதளவென்று கொதிக்கவைத்து ஊற்றினேன். வாயில் வைத்தால் ஒரே துவர்ப்பு, நாக்கே இழுத்துக்கொண்டது. அப்புறம்தான் புத்தி வந்து, நீலகிரி இலை டீ வாங்கி, பச்சைத் தண்ணீரில் போட்டு ஃப்ரிட்ஜில் ஊறவைத்து, வடிகட்டிச் சேர்த்தேன். அடடா! இஞ்சிக் காரம் அடங்குகிற நேரத்தில் டீயின் வாசனை மெதுவாக மேலே வரும். என் கைப்பக்குவத்துக்கு என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது.

"என்னடி, வீட்டுலயே காய்ச்ச ஆரம்பிச்சுட்டியா? போலீஸ் வந்தா எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடுவேன்" என்றார் என் கணவர். "உங்களுக்கு எது தெரியும்?" என்று நானும் விடவில்லை. வெயில் காலத்தில் மூன்று நாளுக்கு மேல் வெளியே வைத்தால் போதை ஏறும் என்று அந்த வீடியோவிலேயே சொல்லியிருந்தார்கள். நான்தான் நுரை நன்றாக வரட்டும் என்று, தினமும் மூடியைத் திருகிக் காற்றை மட்டும் விட்டுவிட்டு, பத்து நாள் வைத்திருந்தேன்.

பெயின்ட் அடிக்க வந்தவர்கள் ஒரு கணவன் மனைவி. அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். அவர் பெயின்ட் அடிப்பார், அந்தம்மா சுவரைச் சுரண்டி, விரிசலில் பட்டி பூசி அடைப்பார். ஆற்றோரம் இருந்த குடிசையை அரசாங்கம் எடுத்துவிட்டு ஊருக்கு வெளியே வீடு கொடுத்ததால், பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்துகொண்டிருந்தார்கள். "யோவ், அந்த மூலைய உங்கப்பனா வந்து அடிப்பாரு?" என்று அந்தம்மா கத்துவதும், அவர் சிரித்துக்கொண்டே ஏணியை நகர்த்துவதும் நாள் முழுக்க நடக்கும். எனக்கு அவர்களை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

ஐந்தாம் நாள் மத்தியானம், சாப்பாட்டுக்கு அப்புறம், ஃப்ரிட்ஜில் குளிரவைத்த பாட்டிலைத் திறந்து இரண்டு டம்ளர்களில் ஊற்றிக் கொண்டுபோனேன். இஞ்சி போட்ட டீ ஜூஸ் என்று மட்டும் சொன்னேன்.

"வாணாங்க்கா, வயிறு சரியில்ல" என்றார் அவர்.

இஞ்சி வயிற்றுக்கு நல்லது என்றேன். அப்புறம் குடிப்பதாகச் சொன்னார். அப்படியே வைத்தால் நுரை போய்விடும் என்றேன். நமக்குத்தான் உபசாரம் என்று வந்துவிட்டால் எதிராளியின் வாயில் ஊற்றாமல் விடத் தெரியாதே! "ஒரே ஒரு வாய் குடிப்பா. எனக்காக" என்று கையில் திணித்தேன்.

டம்ளரை முகத்தருகே கொண்டுபோனவர், அப்படியே நின்றார். டம்ளரை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை ஆசையாகக் கொடுத்ததற்கு இதுவா மரியாதை என்று கோபம்கூட வந்தது.

அதற்குள் அந்தம்மா தன் டம்ளரில் ஒரு வாய் குடித்திருந்தார். முகம் வெளுத்துவிட்டது.

"இன்னாக்கா ஊத்துன இதுல? பொங்க வச்ச சரக்கு வாசனை கீதே! எங்க வூட்டு ஆளு குடிய உட்டு பதினாலு மாசம் ஆவுதுக்கா. ஒரு சொட்டு தொட்டதில்ல."

மெயின் ரோட்டு முனையிலேயே மதுக்கடை. பதினாலு மாதமாக அந்த மனுஷன் தாண்டித் தாண்டிப் போன வாசனையை, நடுவீட்டில் வைத்து மூக்குக்கு நேராக நீட்டியிருக்கிறேன். "வா, ஸ்கூட்டர்ல போய்ப் பாத்துட்டு வந்துடலாம்" என்று சாவியை எடுத்தேன்.

"வாணாங்க்கா. தேடிக்கினு போனா நம்பலன்னு ஆயிடும். வர்ட்டும்" என்றார். போய்ச் சுவரைச் சுரண்ட ஆரம்பித்தார். சுரண்டிய இடத்தையே திரும்பத் திரும்பச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாட்டில்களை எல்லாம் எடுத்து சிங்க்கில் கொட்டப் போனேன். அந்தம்மா வாசலைப் பார்த்தபடியே சொன்னார்: "அத இன்னாத்துக்குக்கா கொட்ற? உன் வூட்டு சாமான், நீ குடி. குடுக்கறப்ப இன்னான்னு சொல்லிட்டுக் குடு, அவ்ளோதான்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் உள்ளே வந்ததும், நான் நிற்கிறேன் என்றுகூடப் பார்க்காமல், அந்தம்மா நேராகப் போய் முகத்துக்கு நேரே நின்றார். "வாய ஊது" என்றார். அவர் சின்னப் பிள்ளை மாதிரி ஊதினார். தோளில் ஓங்கி ஓர் அடி வைத்துவிட்டு, அதே தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அந்தம்மா அழுதார். நானும் அழுதேன்.

"தோ, இன்னாத்துக்கு அழுவுறீங்க ரெண்டு பேரும்? டீக்கடையாண்டதான் குந்திக்கினு இருந்தேன். மூணு டீ குடிச்சேன்" என்றார் அவர். கையில் பார்சல் டீ தொங்கியது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று கையைக் கூப்பினேன். அவர் பதறி, "அய்ய, இன்னாக்கா நீ" என்று பேப்பர் கப்பில் டீயை ஊற்றி, முதல் கப்பை என்னிடம் நீட்டினார்.

"இது சாதா டீக்கா. பாலு, சக்கர, டீத்தூளு. வேற ஒண்ணும் இல்ல. நம்பிக் குடி."

போன வருடம் பால்கனிக்குப் பெயின்ட் அடிக்கவும் அவர்கள்தான் வந்தார்கள். அவர் இன்னும் குடியைத் தொடவில்லை என்று அந்தம்மா முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார். நான் இப்போதும் இஞ்சி பீர் செய்கிறேன், டீ சேர்க்கிறேன், யாருக்குக் கொடுத்தாலும் என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டே கொடுக்கிறேன். வேண்டாம் என்பவரிடம் ஏன் என்று கேட்பதில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்காக அவர் எத்தனை நாள் தன்னோடு மல்லுக்கட்டியிருப்பாரோ என்று நினைத்துக்கொண்டு, டம்ளரைப் பேசாமல் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.