ஞாயிறு சேராத நாற்பது

தட்டாஞ்சாவடி பட்டறையில் அன்று இருந்தவர்கள்: லேத்தில் நான். நெல்லித்தோப்பு வெல்டர். துளை போடும் மிஷினில் வில்லியனூர்க்காரர், வீட்டில் வயலும் மாடும் உண்டு. கெட்டிலோடு டீக்கடை அக்கா.

தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு வேலைக்குப் போயிருந்தேன். எப்போது எங்கள் பக்கம் வந்தாய், பட்டையை ஒழுங்காக இழுக்கக்கூடத் தெரியவில்லையே என்றார் வில்லியனூர்க்காரர்.

ஈஸ்டர் வரை எதையாவது விட வேண்டும். எதை விடலாம் என்று முந்தின ராத்திரியே வீட்டில் கேட்டிருந்தேன்.

"பேச்சக் கொறைங்கன்னு சொல்லலாம். உங்ககிட்ட கொறைக்க என்னா இருக்குது?" என்றாள் மனைவி.

டீயை விட்டேன். நாற்பது நாள் என்று மட்டும் பட்டறையில் சொன்னேன். முதல் வாரம் தலை வலித்ததைச் சொல்லவில்லை.

டீ வந்தால் ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருப்பேன். என் கிளாஸை வெல்டர் எடுத்துக்கொள்வார். வில்லியனூர்க்காரர் தன் கிளாஸோடு ஷெட்டுக்குப் பின்னால் போய்விடுவார். என் எதிரே குடிக்கக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

குருத்து ஞாயிறுக்கு மறுநாள், திங்கள். வில்லியனூர்க்காரர் தூக்கில் வீட்டுப் பசும்பால் கொண்டுவந்து, நாலு டீ போடச் சொல்லி அக்காவிடம் கொடுத்தார். வெல்டர் தன் புதுச் செல்போனில் நாள் எண்ணிப் பார்த்தாராம். நேற்றோடு நாற்பது ஆகிவிட்டதாம். மலைக்குப் போய் வந்து மாலை கழற்றுகிற மாதிரி, நான் டீ குடித்து முடிக்க வேண்டுமாம்.

எங்கள் நாற்பதில் ஞாயிறு சேராது, இன்னும் ஆறு நாள் இருக்கிறது என்றேன்.

"அப்ப ஞாயித்துக்கெழம குடிச்சியா?" என்றார் வில்லியனூர்க்காரர்.

"பூச முடிஞ்சி ரெண்டு கிளாஸ்."

வெல்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்த வாக்கில் ரகசியத்தை உடைத்துவிட்டார். ஷெட்டுக்குப் பின்னால் போன டீயும் இத்தனை நாள் வெல்டருக்குத்தான் போயிருக்கிறது. மூன்று பேர் டீயைக் குடித்துத் தூக்கம் கெட்டது என்று அவருக்குக் குறை வேறு.

நான் வில்லியனூர்க்காரரைப் பார்த்தேன்.

"நீ எதுத்தாப்புல சும்மா குந்தியிருந்தா எனக்கு எப்பிடிய்யா எறங்கும்? ஞாயித்துக்கெழமயும் தொடல. அவங்க வேதத்துல சேந்துட்டியான்னு ஊட்ல கேக்குறா. நீ முடி. அப்புறந்தான் எனக்கு."

நான் குடித்தால் விரதம் போகும். குடிக்காவிட்டால் அவர் இன்னும் ஆறு நாள் இருப்பார். இருக்கக்கூடிய ஆள்தான்.

"ஆறிப்போவுது தம்பி," என்றார் அக்கா.

குடித்தேன். அவரும் குடித்தார். நல்ல கெட்டிப் பால்.

அன்று சாயங்காலமே சர்ச்சுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். விரதம் முறிந்ததையும் முறிந்த விதத்தையும் சொன்னேன். எத்தனை நாள் இருந்தாய் என்றார் சாமியார். ஞாயிறு போக முப்பத்து நாலு என்றேன். பால் கொண்டுவந்தவர் எத்தனை நாள் என்று கேட்டார்.

நாற்பது.