ஈப்போவ விட அமைதியான ஊரு

இங்கிலீஷ் சொல்லிக் குடுக்குற வேலையில, பாடம் கேட்டுத் தூங்குனவங்க உண்டு, சிரிச்சவங்க உண்டு, பாதியில எந்திரிச்சு மாடு கட்டப் போனவங்களும் உண்டு. பாடம் கேட்டு ஒரு ஆளு வாந்தி எடுத்தது அன்னைக்கு மட்டும்தான்.

ஈப்போவுக்குக் கிட்ட செமோர் பக்கத்து ரப்பர் தோட்டம். சயாம் ரயில் வேலைக்குன்னு ஜப்பான்காரன் புடிச்சிட்டுப் போன ஆளுங்கள்ல, கால் புண்ணோட தப்பிச்சு வந்தவரு முத்து அண்ணன். சும்மா கேப்போமேன்னு அன்னைக்குத்தான் வந்து பின்னால ஒக்காந்தாரு. என்கிட்ட படிக்கிற செல்வமணி அக்கா பாடத்துக்காகக் கண்ண மூடிக்கிட்டு பினாங்கைப் பத்தி இங்கிலீஷ்ல சொல்றாங்க. மத்தவங்களுக்குப் புரியணும்னு நான் வரிக்கு வரி தமிழ்ல திருப்பிச் சொல்றேன். ஆறு இருக்கு, தண்ணி பழுப்பா இருக்கு. செவுரு இல்லாத நீளக் கொட்டாய்ங்க இருக்கு. வளஞ்ச மரத்தடிக் கொட்டாயில படுத்தவங்க எந்திரிக்கிறதில்ல. ஒரு தப்பு கூட இல்லாம வந்திடுச்சேன்னு நான் கை தட்டுறேன், பின்னால சத்தம். முத்து அண்ணன் செவுத்தப் புடிச்சிட்டுக் குனிஞ்சு நிக்கிறாரு. வாயத் தொடச்சிட்டு நிமிந்து கேட்டாரு: "டீச்சர், இது பினாங்கு இல்ல. இந்த ஊர இந்தம்மாவுக்கு யாரு சொன்னது?"

ரெண்டு சிங்கப்பூர்

சக வாத்தியார்மாரே, மொதல்ல இருந்தே சொல்லிடுறேன், வக்கீல் ஐயா கோர்ட்டுல இருந்து வர்றதுக்குள்ள. இப்ப நான் ஈப்போவுல அவரு ஆபீஸ்ல டைப் அடிக்கிற ஆளு. ஜப்பான்காரன் காலத்துல தோட்டத்துப் புள்ளைங்களுக்கு நிப்பொன் பாட்டு சொல்லிக் குடுத்த டீச்சர். அது காலையில. மத்தியானம் ஊபி, அதான் மரவள்ளிக் கொல்லையில களை எடுத்து முடிச்ச பெரியவங்களுக்கு ஒளிச்சு மறைச்சு இங்கிலீஷ். ரப்பர் மரத்துல கித்தாப் பாலு வெட்டுறது நின்னு போச்சு, அதனால பாலு ஷீட்டுக்குப் புகை போடுற புகைக்கூடம் காலி. புகை படிஞ்சு கரேல்னு கெடந்த அந்தச் செவுருதான் எனக்கு கரும்பலகை. எனக்கு ஈப்போ கான்வென்ட்ல பாடம் எடுத்த மதர் சொல்லிக் குடுத்த வழியத்தான் நானும் புடிச்சிக்கிட்டேன்: கண்ண மூடு, ஒரு ஊருக்குள்ள நட, பாக்குறதச் சொல்லு, கடைசியா அந்த ஊர ஈப்போவோட ஒப்பிடு. புஸ்தகம் வேணாம், பேப்பர் வேணாம். யாராச்சும் வந்தா பாட்டுப் பாடிடலாம். எனக்கு அப்படி ஒரு குஷி லா அந்தப் பாடத்துல!

ராமநாதன் அண்ணன் காரைக்குடிப் பக்கம். செட்டியார் வட்டிக் கடையில ஏஜெண்டுக்கு அடுத்தாளா வேலை பாத்தவரு, கடை பூட்டுனதும் எங்க கூட ஊபி நட வந்துட்டாரு. ரங்கூன் பாத்தவரு, மதுரை பாத்தவரு. அவர எழுப்பி, ரெண்டு ஊர ஒப்பிடுங்கண்ணேன்னேன். கம்பீரமா நின்னு, "சிங்கப்பூர் இஸ் பிக்கர் தேன் சயோனான்"ன்னாரு. அண்ணே, சிங்கப்பூருக்கு ஜப்பான்காரன் வச்ச பேருதான் சயோனான், ரெண்டும் ஒரே ஊரு லான்னேன். அவரு அசரல. "ஒரே ஊருன்னு நீ சொல்ற டீச்சர், நான் சிங்கப்பூர்ல மூணு வேள சோறு தின்னேன்."

பினாங்குல கடல் இல்ல

செல்வமணி அக்கா தைப்பூசத்துக்கு ஈப்போ போனதத் தவிர வேற ஊரு பாத்ததில்ல. அவங்க வீட்டுக்காரரு வேலு அண்ணனையும் அந்த சயாம் லோரியிலதான் ஏத்திட்டுப் போனாங்க. கடிதாசி இல்ல, சேதி இல்ல. எதுக்குக்கா இங்கிலீஷ்னு கேட்டா, "வெள்ளைக்காரன் திரும்பி வருவான்ல டீச்சர், அவன் பாஷையிலயே கேக்கணும், என் ஆளு எங்கன்னு. ஆபீஸ் கிராணிய விட்டுக் கேட்டா பாதிதான் போய்ச் சேரும்"னாங்க.

மொத மொத பினாங்கக் குடுத்தேன். கண்ண மூடுனாங்க. ஆறு, பழுப்புத் தண்ணி, நீளக் கொட்டாய்ங்கன்னாங்க. அக்கா, அது தீவு லா, சுத்திக் கடலுன்னேன். தலைய ஆட்டுனாங்க. அடுத்த பாடத்துக்கு மதுரை. அதே ஆறு. ராமநாதன் அண்ணன், "வைகையில அவ்வளவு தண்ணிய நான் பாத்ததே இல்லயே"ன்னு சிரிச்சாரு. அப்புறம் கோலாலம்பூர், அப்புறம் லண்டனே குடுத்துப் பாத்தேன். அதே கொட்டாய், அதே வளஞ்ச மரம். ஒப்பிடுங்கக்கான்னா, "தட் டவுன் இஸ் கொயட்டர் தேன் ஈப்போ." ஈப்போவ விட அமைதி. புகைக்கூடத்துல எல்லாரும் சிரிப்ப நிறுத்திட்டாங்க. அவ்வளவு ஆளு இருக்குற ஊரு எப்படிக்கா அமைதியா இருக்கும்னு கேட்டேன். அவங்க கண்ணத் தொறக்காமலே சொன்னாங்க: "ஆளுங்க இருக்காங்க டீச்சர், ஆனா ஒருத்தருக்கொருத்தரு பேசிக்கிறதில்ல."

இங்கிலீஷ்ல எண்ணலாம்

எத்தன ஆளு இருக்காங்கன்னு கேக்குறது பாடத்துல அடுத்த படி. அக்கா மாட்டேன்னுட்டாங்க. ஆள எண்ணக் கூடாது, எண்ணுனா கொறஞ்சிடும்னு. லயத்துல எல்லா வீட்டுலயும் இது உண்டு. பந்தியில ஒக்காந்தவங்கள யாரும் தலை எண்ண மாட்டாங்க, எலைய எண்ணிட்டுப் போவாங்க. எனக்கு அது தெரியாமலா? ஆனா பாடம் நிக்குதே! இங்கிலீஷ்ல எண்ணுனா ஒண்ணும் ஆகாது லா அக்கான்னு சொன்னேன். ராமநாதன் அண்ணன் என்னைய ஒரு மாதிரி பாத்தாரு.

அக்கா யோசிச்சாங்க. மெல்ல ஒதடு அசஞ்சுது. "தேர் ஆர் மெனி மென்"னாங்க. நெறைய. அடுத்த வாரம், கொஞ்சம் கொறச்சல்னாங்க. அதுக்கடுத்து இன்னும் கொறச்சல். முன்னைக்கு இப்பன்னு ஒப்பிட்டு அழகா சொல்றாங்க, எனக்குப் பெருமை தாங்கல. புகைக்கூடத்துல நெருப்பு மூட்டியே ரொம்ப காலமாச்சு. ஆனாலும் அவங்க எண்ணுறப்ப, பழைய புகை வாசன மூக்குல ஏறும். எனக்கு மட்டும் இல்ல, எல்லாரும் இருமுவோம். ஒரு நாள் கேட்டேன், அப்ப வேலு அண்ணனையும் சேத்துத்தான் எண்ணுறீங்களான்னு. சட்டுனு கண்ணத் தொறந்துட்டாங்க. "இல்ல டீச்சர். அவரு படுத்திருக்குற பக்கம் நான் திரும்பவே மாட்டேன்."

வளஞ்ச மரத்துல தொங்குனது

இதுக்கு அடுத்த பாடத்துல மறுபடி பினாங்கக் குடுத்தேன்; அன்னைக்குத்தான் முத்து அண்ணன் வந்ததும், வாந்தி எடுத்ததும். தண்ணி குடுத்து ஒக்கார வச்சோம். அந்தக் கொட்டாய்ங்களும் ஆறும் சயாம்ல அவரு வேலை செஞ்ச கேம்ப்புன்னாரு. வேலு அண்ணன் அங்கதான் இருந்தாராம். இவரு ஓடி வந்தப்ப காய்ச்சலோட உசுரோட இருந்தாராம். அக்கா முந்தானைய எடுத்து வாயில வச்சுக்கிட்டாங்க.

முத்து அண்ணனுக்கு மனசு கேக்கல. யாரோ சொல்லித்தான் இது தெரிஞ்சிருக்கணும்னு நெனச்சாரு போல. சரிம்மா, அந்த மரத்துல என்ன இருக்குதுன்னு சொல்லுன்னாரு. அக்கா கண்ண மூடுனாங்க. இந்தத் தடவ தமிழ்லயே சொன்னாங்க. கீழக் கிளையில ஒரு காக்கிச் சட்ட தொங்குது, ஒரு கை கிழிஞ்சிருக்கு, எடுக்க ஆளு வரல. முத்து அண்ணன் தன்னோட வெறும் தோள ரெண்டு கையாலயும் கட்டிக்கிட்டாரு. "தோய்ச்சுப் போட்டுட்டு அப்படியே ஓடி வந்துட்டேன் டீச்சர், அது என் சட்ட."

ஊரு காலி

அதோட ஊரு பாடத்த நிறுத்திட்டேன். அடுப்பங்கரையப் பத்தி சொல்லுங்க, ஆட்டுக்கல்லு பெருசா அம்மி பெருசான்னு மாத்திட்டேன். அக்கா கேட்டாத்தானே! என்னத்தக் கேட்டாலும் அந்த ஊருக்குத்தான் போவாங்க. அந்த ஊருல ஆளு கொறஞ்சிட்டே வந்துச்சு. ராமநாதன் அண்ணன் விபூதி கொண்டாந்து வாசப்படியில தூவுவாரு, அப்புறம் உள்ள வந்து பாடம் படிப்பாரு.

ஜப்பான்காரன் தோத்துட்டான்னு சேதி வந்த சமயம். (ஐயா வந்துட்டாரு. காப்பி குடுத்துட்டு வாரேன்.) ஆங், சேதி வந்த சமயம். ஒளிக்க வேண்டியதில்ல, சத்தமா படிக்கலாம். அக்கா எந்திரிச்சாங்க, கண்ண மூடுனாங்க. "தேர் இஸ் நோபடி"ன்னாங்க. யாருமே இல்ல. ராமநாதன் அண்ணன் தோள்ல கெடந்த துண்ட எடுத்து மடியில வச்சாரு. நான் அழுதுட்டேன். முத்து அண்ணன் வெளிய போயிட்டாரு. அக்கா எங்க மொகத்தையெல்லாம் ஒரு சுத்து பாத்துட்டு, சோறாக்கப் பெரிய சட்டி யாரு வீட்டுல இருக்குன்னு கேட்டாங்க. நாங்க முழிச்சோம். "எதுக்கு டீச்சர் அழுவுறீங்க, ஊரு காலின்னா அவரும் கெளம்பிட்டாரு லா."

வேலு அண்ணன் சொன்னது

சயாம்ல இருந்து திரும்புனவங்கள பத்து காஜா ஊரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வர்றாங்கன்னு கேள்விப்பட்டு நானும் அக்காவும் போனோம். வழி பூரா அக்கா அந்தக் கேள்விய முணுமுணுத்துட்டே வந்தாங்க: வேர் இஸ் மை ஹஸ்பண்ட், சார். கேக்கவே வேண்டியதில்லாமப் போச்சு. கதவோரத்து மொதக் கட்டில்லயே எலும்பும் தோலுமா ஒக்காந்திருந்தாரு. அக்கா பக்கத்துல போகல. காலடியில நின்னு, மொகத்த செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டு, அழுதாங்க. பாக்கலாம் அக்கா, இப்ப பாக்கலாம்னு நான்தான் தோளப் புடிச்சுத் திருப்புனேன்.

வீட்டுக்கு வந்து கொஞ்சம் சதை புடிச்சதும் பாக்கப் போனேன். அக்கா உள்ள கொழம்பு தாளிச்சிட்டு இருந்தாங்க. வேலு அண்ணன் வாசல்ல மரக்கட்டையில. நான் வாய வச்சிட்டு சும்மா இருக்காம, கேம்ப் எப்படிண்ணே இருந்துச்சுன்னு கேட்டுட்டேன். அவரு அடுப்படிப் பக்கம் ஒரு தடவ எட்டிப் பாத்துட்டுக் கொரலத் தணிச்சாரு. "பொழுது சாயறப்ப ஒரு பொம்பள கொட்டாய்க்குள்ள வருவா டீச்சர், மொகம் இருட்டா இருக்கும், வாயில துரை பாஷை. எவன் முன்னால நின்னு முணுமுணுக்குறாளோ அவன் மறுநாள் எந்திரிக்க மாட்டான். என் படுக்கைகிட்ட வந்தா மட்டும் மொகத்த அந்தப் பக்கம் திருப்பிட்டுப் போயிடுவா, ஏன்னு இன்னைக்கு வரைக்கும் புரியல."

சாயங்காலத்துல இப்பவும் ஊருங்கள ஒப்பிடுற பாடம் நடத்துறேன், சக வாத்தியார்மாரே, கண்ண மட்டும் தொறந்தே வச்சுக்கச் சொல்லிடுறேன்.