வட்டம் கிறுகுது

என் கணினி ஒழுங்காக ஓடவில்லை என்று சொன்னதற்குப் பக்கத்து வீட்டுப் பெண்மணி இங்கர் ஒரு ஹீற்றரைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். நோர்வேயின் வடக்கு மூலையில் இருக்கும் இந்தத் துறைமுக ஊரில் எந்த வியாதிக்கும் முதலில் சூடு காட்டித்தான் பார்ப்பார்கள். காலையில் படிக்கட்டில் கண்டபோது "மஷீனன் ஃப்ரீசர்" என்று சொல்லியிருந்தேன். இயந்திரம் உறைந்துபோகிறது என்று அர்த்தம். கணினி அசையாமல் நின்றாலும் இங்கே அதே சொல், மனிதன் குளிரில் நடுங்கினாலும் அதே சொல். கணினியைத் தொட்டே அறியாத இங்கர், வீட்டைச் சூடாக்கும் இயந்திரம்தான் நின்றுவிட்டதென்று நினைத்துவிட்டார். பனியில் சறுக்காமல் அவ்வளவு பாரத்தைக் கொண்டுவந்தவரிடம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாங்கி, கணினி மேசைக்குக் கீழே வைத்தேன். காலுக்கு இதமாகத்தான் இருந்தது.

கணினிதான் அசையவில்லை. திங்கட்கிழமை காலை அந்தக் கணினியின் முன்னால் இருந்துதான் நான் மொழிபெயர்ப்பாளர் தேர்வை எழுத வேண்டும். வந்த நாள்முதல் மீன் ஆலையில் குளிர்ந்த தண்ணீருக்குள் கைவைத்து வேலை செய்தவன் நான். இப்போது வலது தோள் மேலே எழும்புவதில்லை. வைத்தியரிடம் போகும் நம்மவர்களுக்கு மொழிபெயர்க்கும் வேலை கிடைத்தால் அந்தத் தண்ணீருக்கு ஒரு கும்பிடு போட்டுவிடலாம். தேர்வுச் செயலி புதிய இயங்குதளத்தில்தான் ஓடும் என்றார்கள். வெள்ளிக்கிழமை புதியதை ஏற்றினேன். அதோடு சனி பிடித்தது. ஓர் எழுத்தைத் தட்டிவிட்டுப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தால், அப்போதுதான் அது திரையில் விழும். நடுவில் ஒரு வட்டம் சுற்றும். பிறகு வட்டமும் நின்றுவிடும், மவுஸும் அசையாது.

வேறு வழியில்லாமல் போனில் வனிதாவைக் கூப்பிட்டேன். எங்கள் ஊரான குருக்கள்மடத்தில் இருக்கும் என் மாமாவின் மகள், எனக்கு மச்சாள். துறையடிக்குப் போகும் வழியில் ஒரு கொமினிக்கேசன் கடை வைத்திருக்கிறாள். போட்டோக்கொப்பி, போன் ரீலோட், கணினி திருத்தம் எல்லாம் அந்த ஒரு கடைக்குள்தான்.

"வட்டம் கிறுகுதா மச்சான், இல்லாட்டி நிண்டுட்டா?"

எத்தனை காலம் அந்தச் சொல்லைக் கேட்டு! எங்கள் பக்கத்தில் சுற்றுவதும் கிறுகுவதுதான், திரும்பி வருவதும் கிறுகி வருவதுதான். இங்குள்ள யாழ்ப்பாண நண்பர்களோடு பேசிப் பேசி நான் அதைக் கைவிட்டிருந்தேன். "கிறுகுது மச்சாள்" என்றேன். சொல்லச் சொல்ல வாய்க்கு ருசியாக இருந்தது.

"அது என்ன இரைச்சல்? நெல்லு மில்லுக்குள்ளயா இரிக்கிறீங்க?"

சூட்டில் கணினியின் விசிறிதான் இரைந்துகொண்டிருந்தது. ஹீற்றரின் கதையைச் சொன்னேன். சிரித்து முடிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. "காய்ச்சல்காரனப் போர்வையால மூடி வெச்சிரிக்கிறீங்க. முதல்ல அத எடுங்க மச்சான்."

எடுத்தேன். இரைச்சல் அடங்கியது, வட்டம் அடங்கவில்லை. அங்கிருந்தே என் கணினியை இயக்க அவள் கேட்ட அனுமதியைக் கொடுத்ததும் என் மவுஸ் தானாக நடக்கத் தொடங்கியது. கணினியைத் திறந்ததும் கேட்காமலே எழும்பி ஓடும் செயலிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினாள். அப்படியும் சரிவரவில்லை. பிறகு ஒரு பக்கத்தைத் திறந்து, 'கோ தில்பாக்கெ' என்று எழுதியிருந்த பொத்தானில் மவுஸை நிறுத்தினாள். "இது என்ன சொல்லுது?"

"பின்னுக்குப் போ எண்டு."

"இத அமத்தினாப் பழையதுக்குக் கிறுகலாம். கொஞ்ச நாளைக்குத்தான் விடும், பொறகு கிறுக ஒண்ணா. கிறுகுவமா?"

"வேணாம்" என்றேன். பழையதற்குப் போனால் தேர்வு இல்லை. ஆனாலும் நான் அதைச் சொன்ன வேகம் எனக்கே பிடிக்கவில்லை.

அவள் விடாமல் தோண்டினாள். கடைசியில், "பிடிச்சிட்டன்!" என்று கத்தினாள். "ரெண்டு காவல் நிக்குது மச்சான். பழைய வைரஸ் காவல்காரன் இன்னும் போகல்ல. புதுசோட ஒருத்தன் வந்திரிக்கான். ஒவ்வொரு ஃபைலையும் ரெண்டு பேரும் மறிச்சு மறிச்சுப் பாக்கிறானுகள். அந்தக் காலத்துத் துறையடி மாதிரி."

எங்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. குருக்கள்மடத்துத் துறையில் வாவியைக் கடக்கும் மிதவையை நாங்கள் 'பாதை' என்போம். சண்டைக் காலத்தில் பாதையில் ஏறமுதல் இந்தக் கரையில் இராணுவத்தின் சோதனை, இறங்கினால் அந்தக் கரையில் இயக்கத்தின் இன்னொரு சோதனை. அக்கரை வயல்வட்டையில் வெள்ளாமை வெட்டப் போகிறவர்கள் வெயில் ஏறிய பிறகுதான் போய்ச் சேர்வார்கள். இரண்டு கரைக்கும் பயந்த வயதில்தான் நான் ஊரைவிட்டு வெளிக்கிட்டேன்.

பழைய காவல்காரனை அவள் கழற்றி எறிந்தாள். கணினி ஒருமுறை நின்று எழும்பியது. தட்டிய எழுத்து தட்டியவுடன் விழுந்தது. நன்றி என்று நான் தொடங்கியதும், "வாடிக்கையாளர் நிக்கிறாங்க" என்று போனை வைத்துவிட்டாள். திங்கட்கிழமை தேர்வு ஓர் இடத்திலும் தடங்கவில்லை. ஹீற்றரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது இங்கர் வாங்க மறுத்து, இயந்திரத்துக்கு இப்போது எப்படி என்று கவலையோடு கேட்டார். நல்ல சுகம் என்றேன். இந்த இரண்டு பெண்களும் இல்லையென்றால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

அடுத்த மாதம் முடிவு வந்தது. அந்தக் கணினியிலேயே வனிதாவைக் கூப்பிட்டு, "பாஸ் மச்சாள், இனி மீன் வேலை இல்ல" என்றேன். அவள் கடைக்குள் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி அதைச் சொன்னாள். பிறகு முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்து, பகிடியாகத்தான் கேட்டாள்.

"அப்ப இனி நீங்க கிறுகி வரமாட்டீங்க, என்ன மச்சான்?"

அவளுக்குப் பின்னால், திறந்திருந்த கதவுக்கு வெளியே, பாதை ஆட்களை ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. என் கணினியில் அந்தப் பின்னுக்குப் போகும் பொத்தான் எப்போதோ மறைந்துவிட்டது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.

"மச்சான்? கேக்குதா? உங்கட படம் அசையுதில்ல. திரும்பவும் விறைச்சுப் போச்சா?"

கணினியில் ஒரு பழுதும் இல்லை.