போன வருஷத்து ஆடுகள்

சகாதேவன் ஜேசிபியின் முன் டயருக்குப் பக்கத்தில் குந்தி, குறடால் முள் பிடுங்கிக்கொண்டிருக்கிறார். பிடுங்கிய முள்ளைக் கீழே எறிவதில்லை. பழைய பவுடர் டப்பாவில் போட்டு அழுத்தி மூடுகிறார். பிறகு எழுந்து சட்டைப்பையை வெளியே இழுத்து உதறுகிறார், கைலி மடிப்பை அவிழ்த்து உதறுகிறார், தலைமுடியைக்கூட விரலால் கோதித் தட்டிவிடுகிறார். குப்பையில் போகிற முள்ளுக்கு இத்தனை காவலா என்று, அவர் வேலையைப் பார்க்கப் போயிருந்த நான் கேட்டேன்.

"முள்ளு இன்னா சார் பண்ணும், குத்தும், அவ்ளோதான். அத்தோட ஒரு வெதை ஒட்டிக்கினு வந்துச்சின்னா? நம்ம கூடவே ஊட்டுக்கு வந்துடும். நாம போற எடத்துக்கெல்லாம் அது வரும் சார்."

'அது' என்றால் வேலிக்காத்தான். சீமைக்கருவேலம் என்றும் சொல்வார்கள். சகாதேவன் வாயிலிருந்து அந்தப் பெயர் மட்டும் வராது. கடன்காரனைப் பற்றிப் பேசுகிறவர் போல, சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு, 'அது' என்பார். சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர். நாற்பதைத் தாண்டிய, ஒல்லியான மனிதர். செங்கம் ரோட்டில் எழும்பிய விடுதிகளுக்குக் கடைக்கால் தோண்டியவர். போன வருஷத்து அடைமழைக்குப் பிறகு அவருக்கு முள் பிடுங்கத்தான் நேரம் சரியாக இருக்கிறது. இப்போது அடி அண்ணாமலைக்கு மேற்கே, ஆடு மேய்கிற ஒரு குன்றின் சரிவில் வேலை. பௌர்ணமிக்குக் கூட்டம் நெரிகிற கிரிவலப் பாதை கூப்பிடு தூரத்தில்தான். இங்கே ஆள் அரவமே இல்லை. மார்பளவு உயரத்துக்கு முள்தான் நிற்கிறது. காற்றடித்தால் எல்லாம் ஒரே பக்கமாகத் தலை திருப்புகிறது.

மதியச் சோற்றைக் கேபினுக்குள் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, முள்ளைப் பார்த்தபடியேதான் சாப்பிடுவார். "அதுக்கு முதுக காட்டக் கூடாது சார்." பயமா என்றேன். "பயம்லாம் கெடையாது. மரியாத." சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆனால் முதுகைத் திருப்பவில்லை.

வேலையில் ஆள் கெட்டிக்காரர். வெட்டமாட்டார். "வெட்டினா முடி வெட்டிவுட்ட மாதிரிதான், ஜாஸ்தியா வளரும்." பக்கெட்டின் பற்களை வேருக்கு அடியில் கொடுத்து, நெம்பி, மண்ணை உலுக்கி, தூரோடு பெயர்த்துப் போடுவார். பெயர்த்த இடத்தில் பொட்டல் தெரியும். ஒரு மழை பெய்தால் அங்கே அருகம்புல் தலைகாட்டும். அதற்காகத்தான் சரிவில் மேய்ப்பவர்கள் ஒன்றுசேர்ந்து அவரை வரவழைத்திருக்கிறார்கள்.

"கீழ நின்னு பாத்தா உனுக்கு ஒண்ணும் தெரியாது சார். மேல வா," என்று ஒரு நாள் என்னைக் கேபினுக்குள் ஏற்றிக்கொண்டார். மரியாதை, பேச்சுவாக்கில் நீங்களிலிருந்து நீயாக இறங்கியிருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. மேலே போனதும் பிடித்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. கீழே கண்டபடி மண்டிக் கிடந்த முள், மேலிருந்து பார்க்கும்போது ஒழுங்காக நின்றது. ஏரிக்குத் தண்ணீர் குடிக்க இறங்கும் தடத்தில் ஒரே வரிசையாக நின்றது. ஒற்றை வேப்பமரத்தைச் சுற்றி வட்டமாக நின்றது. பாறை நிழலில் கும்பலாக ஒண்டியிருந்தது.

"போன வருஷத்து ஆடெல்லாம் நிக்குது பாரு," என்றார் சகாதேவன்.

மறுபடியும் பார்த்தேன்; மந்தை நிற்கிற மாதிரியேதான் இருந்தது. காரணத்தையும் அவரே சொன்னார். மழை பொய்த்த கோடையில் புல் இல்லை. ஏற்கெனவே நின்ற வேலிக்காத்தானின் காய்கள்தான் பழுத்துக் கொட்டிக் கிடந்தன. ஆடுகள் அதைத் தின்றன. நின்ற இடம், நடந்த இடம், படுத்த இடமெல்லாம் புழுக்கை போட்டன. புழுக்கைக்குள் விதை இருந்தது. மழை வந்ததும் முளைத்தது. விளக்கம் நன்றாகத்தான் இருந்தது. பேய் பிசாசு நம்பாதவன் நான். இருந்தாலும் அன்று இறங்கும்போது முள்ளுக்கு முதுகைக் காட்டாமல்தான் இறங்கினேன்.

சரிவு முழுக்க முடிந்து, ஒரே ஒரு இடத்தை மட்டும் சகாதேவன் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்தார். அது சுப்பன் என்ற மேய்ப்பவர் கிடை போட்ட இடம். சுப்பன் அந்தக் கோடையில் ஆடுகளை வேறெங்கும் ஓட்டிப்போக வழியில்லாமல், அங்கேயே படல் கட்டி அடைத்து, ஆடுகளுக்கு நடுவில் கம்பளி விரித்துப் படுத்துவந்தார். ஒரு காலையில் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டார். இப்போது அந்தக் கிடை அப்படியே சதுரமாக முளைத்து நிற்கிறது. நடுவில், ஆடு படாத இடத்தில், ஓர் ஆள் நீளத்துக்கு முள் இல்லை. புல்லும் இல்லை. வெறும் மண்.

அவருடைய மனைவி காசியம்மாள் தினமும் தன் ஆடுகளை அங்கேதான் ஓட்டிவருவார். முள்ளை விலக்கிக்கொண்டு உள்ளே போய், அந்த மண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். இரண்டு தடவை வண்டிக்குக் குறுக்கே நின்று மறித்திருக்கிறார். "எல்லாத்தையும் எட்த்துக்க தம்பி. இத்த மட்டும் உட்டுடு. அவரு எங்க படுத்தாருன்னு எனுக்குத் தெரியணும்."

மேய்ப்பவர்களில் மூத்தவரான ராமகிருஷ்ணனுக்கு இது பொறுக்கவில்லை. "ஒருத்தருக்காவ ஊர் ஆடு பட்டினி கெடக்கணுமா? அது காய் உட்டா மறுபடியும் மொதல்லர்ந்துதான்." அவர் சொன்னதில் தப்பில்லை. காசியம்மாளின் ஆடுகளிலேயே ஒன்று, குளம்பில் முள் ஏறி, முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நொண்டியது.

கடைசி நாள் அந்தச் சதுரத்துக்கு முன்னால் வண்டி நின்றது. காசியம்மாளும் நின்றார். சகாதேவன் அவரிடம் வாதாடவில்லை. "ஒரு வாட்டி மேல வந்து பாருக்கா," என்று கைகொடுத்து ஏற்றினார். கேபினில் உட்கார ஒருவருக்குத்தான் இடம். அந்த அம்மாள் இருக்கையைப் பிடித்தபடி நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தார். நான் படியில் தொற்றிக்கொண்டிருந்தேன்.

அந்த வெறும் மண்ணின் ஓரத்தைக் கண்ணாடியின் மேல் விரலால் கோடிட்டுப் பார்த்தார்.

"எப்பவும் சோத்தாங்கைப் பக்கமாத்தான் ஒருக்களிச்சிப் படுப்பாரு," என்றார் காசியம்மாள். "ஒரு கால மடக்கிக்குவாரு."

நானும் பார்த்தேன். அதுவரை எனக்கு அது வெறும் இடைவெளி. இப்போது அதன் கீழ்ப்பக்கம் முழங்கால் மடங்குவது போல வளைந்திருந்தது தெரிந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

நொண்டி ஆடு வண்டிக்கு அடியில் வந்து நின்று கத்தியது. காசியம்மாள் குனிந்து அதைப் பார்த்தார். "காய் உட்டா, எங்காடும் துன்னுமா தம்பி?"

"துன்னும்க்கா. துன்னுட்டு அதுவே சரிவு பூரா வெதைச்சிட்டு வரும்."

"அப்ப எட்த்துடு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவரு மேச்ச எடம். முள்ளு வேணாம்."

இறங்கிப் போய் ஆடுகளோடு நின்றுகொண்டார். சகாதேவன் நாலு பக்கத்து முள்ளையும் பெயர்த்தார். எல்லா வேர்களும் நடுவிலிருந்த மண்ணுக்கு அடியில் போய்ப் பின்னிக்கொண்டிருந்தன. அந்த இடத்தையும் தோண்டாமல் வேலை முடியாது. வண்டியின் கை நீண்டு, பக்கெட் அந்த வெறும் மண்ணுக்கு மேலே வந்து நின்றது.

சகாதேவன் நெம்புகோலிலிருந்து கையை எடுத்தார். ஹார்னை ஒரு தடவை, மெதுவாக அழுத்தினார். தூங்குகிற ஆள் விழித்து, எழுந்து, கம்பளியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒதுங்கிப் போக எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்தார். பிறகு பக்கெட்டை இறக்கினார்.