எங்கள் தீவில் திருடர்கள் இறங்கவில்லை

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு சிறிய அச்சகத்தில் பதினோரு வருடமாக டைப் அடிக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், எப்போதாவது ஒரு புத்தகம். என் கணவர் வீட்டில் எல்லோரும் பட்டு நெய்கிறவர்கள். நான் பிறந்தது வடக்கே, உப்பங்கழிக்கு நடுவில் இருக்கும் ஒரு தீவில். வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து யார் கேட்டாலும் ‘மெட்ராஸ் பக்கம்’ என்றுதான் சொல்லி வந்தேன். மீன் வாடை என்று யாராவது மூக்கைச் சுளித்துவிடுவார்களோ என்ற பயம்.

போன ஆடி மாதம் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் தான் எழுதிய புத்தகத்தை அச்சடிக்கக் கொண்டுவந்தார். கடலோரத் தீவுகளின் பழைய வரலாறும் கதைகளும். வரிசையாக அடித்துக்கொண்டே வந்தவள் ஏழாவது அத்தியாயத்தில் நின்றுவிட்டேன். எங்கள் தீவு. காஞ்சியை ஆண்ட மன்னன் ஒருவன், தலைநகரில் பிடிபட்ட கள்வர்களைப் படகில் ஏற்றி அந்த மணல்திட்டில் இறக்கிவிட்டானாம். இன்று அங்கே வாழ்கிறவர்கள் அவர்கள் வழிவந்தவர்களாம்.

எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது.

எங்கள் கதை வேறு. கரையோரத்தில் இருந்த பழைய ஊரைக் கடல் தின்றுவிட்டது. மிஞ்சியவர்கள் இரண்டு படகில் கிளம்பினார்கள். ஒன்றில் நிறைமாதக்காரி ஒருத்தி. படகு மணலில் தட்டும்போதே அவளுக்கு வலி கண்டு பிள்ளை பிறந்தது. பிள்ளையைக் கழுவ நல்ல தண்ணீர் இல்லை; சுற்றிலும் உப்பு. பெற்ற உடம்போடு அவளே எழுந்து மணலைக் கையால் பறித்தாள். முழங்கை ஆழத்தில் நல்ல தண்ணீர் ஊறியது. அந்த இடத்தை விட்டு அப்புறம் யாரும் நகரவில்லை. அவள்தான் எங்கள் அம்மன். இன்றைக்கும் திருவிழாவன்று பெண்கள் அந்த இடத்தில் கையால்தான் மணல் பறிப்பார்கள். மண்வெட்டி படக்கூடாது.

அதுவரை அடித்திருந்ததற்குப் புரூஃப் பார்க்க அந்த அதிகாரி வந்தபோது சொல்லிவிட்டேன்.

“ஐயா, நான் அந்தத் தீவுல பொறந்தவ. நீங்க எழுதியிருக்கிறது தப்பு.”

இந்த ஊரில் அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

“அப்படியா? படகு ஓட்டினவர் சொன்னாரேம்மா. அக்கரைக்காரர்.”

“அக்கரைக்காரங்களுக்கும் எங்களுக்கும் வலை போடற எடத்துல எப்பவும் தகராறு. அவங்க எங்கள அப்படித்தான் திட்டுவாங்க. திட்டினதப் போயி வரலாறுன்னு எழுதியிருக்கீங்களே! எறங்கி எங்க பொம்பளைங்கள ஒரு வார்த்த கேட்டீங்களா?”

“வெயில் தாங்கலம்மா. படகுல இருந்தே பாத்தேன்.”

நான் எங்கள் கதையைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

“ஒரு பொம்பள தோண்டினா, தண்ணி வந்ததுன்னா அது கதைம்மா. மன்னன் அனுப்பினான்னாதான் அதுல வரலாறு இருக்குது. நம்ம ஊர்ல படிக்கிறவங்களுக்கும் பிடிக்கும்.”

முதலாளி உள்ளேயிருந்து வந்தார். “இன்னாமா நீ, கஸ்டமர்கிட்ட வாதாடிக்கினு? குடுத்தத அடி.”

அடித்தேன். வேலை போய்விடுமே என்று, ‘கள்வர்’ என்ற சொல்லை என் விரலாலேயே அடித்தேன். அதை நினைத்தால் இன்றும் என் கையை எங்கேயாவது மோதிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

புத்தகம் வெளியாகிச் சில மாதம் கழித்து என் அண்ணன் மகள் போன் செய்தாள். அக்கரைப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள்.

“அத்த, ஸ்கூல் லைப்ரரிக்கு ஒரு புக்கு வந்திருக்குது. நாமெல்லாம் திருடங்க பரம்பரைன்னு போட்டிருக்குது. நேத்து ஒருத்தி பேனா காணோம்னா, கிளாஸே என்னத் திரும்பிப் பாத்துச்சு.” பிறகு கேட்டாள்: “உள்ள உங்க பிரஸ் பேரு இருக்குது. நீ பாக்கலியா அத்த?”

“வேலை இருக்குதுடி, அப்புறம் பேசறேன்” என்று போனை வைத்துவிட்டேன்.

வீட்டுக்குப் போய்த் தறியில் இருந்த கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் நெய்வதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: “இவ்ளோ பெரிய கதைய இத்தன வருஷமா ஏம்மா எங்ககிட்ட சொல்லல?” அந்த அதிகாரி மேல் இருந்த ஆத்திரத்தில் பாதி என் மேலேயே திரும்பியது.

மறுநாள் முதலாளியிடம் போய் நின்றேன். “எங்க தீவுக் கதைய ரெண்டு பக்கம் அடிக்கப் போறேன். நம்ம மெஷின்லதான் போடணும். முடியாதுன்னா நாளைக்கு வேற ஆள் பாத்துக்குங்க.” அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

தாள்களோடு தீவுக்குப் போனேன். அண்ணன் மகள் உரக்கப் படித்தாள். பாதியிலேயே பெண்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். “ரெண்டு படகுன்னு யார் சொன்னது? மூணு!” என்றாள் ஒருத்தி. “பொறந்தது பொண்ணுடி. வெறும் புள்ளன்னு எழுதிக்கினு வந்திருக்கா” என்றாள் இன்னொருத்தி. ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி ஒப்புக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வந்து திரும்ப அடித்து அண்ணன் மகளுக்கு அனுப்பினேன். அவள் டீச்சர் அதை வகுப்பில் படிக்க வைத்தார்களாம். பேனாக்காரி மட்டும் மன்னிப்புக் கேட்கவில்லையாம்.

போன மாதம் அந்தப் புத்தகம் மறுபதிப்புக்கு வந்தது. எங்கள் பக்கங்களை நான் அந்த அதிகாரிக்கும் அனுப்பியிருந்தேன். அத்தியாயத்தில் ஒரு எழுத்து மாறவில்லை. கூடவே, கள்வரைக் கொல்லாமல் விட்ட மன்னனின் கருணையைப் பற்றிப் புதிதாக இரண்டு பக்கம் எழுதிச் சேர்த்திருந்தார். முதலாளி அந்தத் தாள்களை என் மேசையில் வைத்தார். நான் எடுத்துப் போய் அவர் மேசையில் வைத்தேன்.

“இத நான் அடிக்கமாட்டேன்.”

அவரே உட்கார்ந்து இரண்டு விரலால் தட்டத் தொடங்கினார். நான் பக்கத்து இருக்கையில் ஒரு கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தேன்.

“ஏம்மா, கள்வருக்கு எந்த ள?” என்றார்.

நான் திரும்பவே இல்லை.