அத்தாவின் கை

என்னைப் பெற்ற அத்தா குடிக்கிறார் என்று சிராங்கூன் ரோட்டில் பேச்சு அடிபட்டது. ஒரு வேளைத் தொழுகையைக்கூட விடாத மனுஷன்! பார்க்கின்சன் நோய் அவரை மரக்கட்டையாக விறைக்க வைத்திருந்தது. டாக்டர் கொடுத்த மாத்திரைதான் அவரை எழுப்பி நடக்க வைத்தது. சில வருஷம் போனதும் அந்த மாத்திரையே அவரை ஆட்டிவைக்கத் தொடங்கியது. விழுங்கிக் கொஞ்ச நேரத்தில் தோளும் கழுத்தும் கையும் தன்பாட்டுக்கு நெளியும், குடித்தவர் போல. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்பார்கள். எனக்கு அதையும் மூடிவிட வேண்டும் போலத்தான் இருந்தது.

மூளைக்குள் கம்பி வைத்து மின்சாரம் கொடுக்கும் வைத்தியமெல்லாம் பின்னால் வந்தது. எண்பதுகளில் எங்களுக்கு இருந்தது அந்த மாத்திரைதான். போட்டால் ஆட்டம்; ஆனால் குரல் வரும். போடாவிட்டால் ஆட்டம் அடங்கும், குரலும் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும்.

என் நிக்காஹ் புக்கிட் பாத்தோக் வீட்டில். பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, கொடுத்தேன் என்று வாயால் சொல்லவேண்டும். அதற்கு முதல் நாள் அத்தாவின் அண்ணன், எங்கள் பெரியத்தா, வந்து உட்கார்ந்தார்.

"சம்பந்தி வீட்டு ஆளுங்க முன்னாடி இந்த ஆட்டம் வேணாம் லா. நாளைக்கு மாத்திரையை விட்டுடு. உனக்குப் பதிலா நான் சொல்லிடுறேன்."

அத்தா வாய் திறக்குமுன் நான் அறையிலிருந்து வந்துவிட்டேன். "அத்தா கொடுக்கலேன்னா எனக்குக் கல்யாணமே வேணாம், பெரியத்தா."

அம்மா என் கையைக் கிள்ளினார். ஆத்திரத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் நிக்காஹ் நடத்திவைக்கும் காஜி வருவதற்கு முன்பே அத்தா மாத்திரை கேட்டார். சம்பந்தி வீட்டார் பார்க்க, ஹாலின் நடுவில் உட்கார்ந்து விழுங்கினார்.

நான் கதவிடுக்கில் நின்றேன். காஜி வந்து அமர்ந்தபோதே அத்தாவின் தோள் நெளிய ஆரம்பித்திருந்தது. மாப்பிள்ளையின் கையைப் பிடித்ததும் அத்தாவின் கையோடு மாப்பிள்ளை கையும் சேர்ந்து மேலும் கீழும் போனது. யாரோ சிரித்தார்கள். பெரியத்தா எட்டி அத்தாவின் மணிக்கட்டை அழுத்தினார்.

"கையை எடுங்கண்ணே. ஆடுனா ஆடட்டும். எம்மகளை நான்தான் கொடுப்பேன்."

பெரியத்தா கையை எடுத்தார். அத்தா என் பெயரைச் சொன்னார், மாப்பிள்ளை எனக்குத் தரும் மஹரைச் சொன்னார், சமையலறைவரை கேட்கும்படி கொடுத்தேன் என்றார். மாப்பிள்ளை அந்தக் கையை விடவும் இல்லை, அடக்கவும் இல்லை. அதோடு சேர்ந்து ஆடிக்கொண்டே, ஏற்றுக்கொண்டேன் என்றார்.